கிண்ணம் யார் கையில்?

அத்தியாயம் 4

"கக்கூஸ்ல தேடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஜூனிப்பர் தியேட்டரின் மேனேஜர் மார்வின் ஸ்டோல்ஸ் என்னை முறைத்த முறைப்பில், வாசலில் இருந்த பாப்கார்ன் மெஷின் கரண்ட் இல்லாமலே பொரிய ஆரம்பித்திருக்கும்.

"டெஸ்! காணாம போனது ஜூனியஸ் லவ்ஜாயோட கிண்ணம். வாயைக் கழுவிட்டுப் பேசு."

"கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பர்தானே சார் அது?"

"அது அம்பது வருஷத்துக்கு முன்னாடி!"

என் பாஸ் வெர்லீன் டாப்ஸ் முதல் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். வறுத்த பன்றியிறைச்சி ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் யானைக்காது மாதிரி தொங்கியது. கடுகு சாஸ் தாராளம். எங்கள் ஊரில் துப்பறியும் தொழில் செய்கிற ஒரே ஆள் அந்த அம்மாதான். அவருக்கு வண்டி ஓட்டுகிற, அவருக்குப் பதிலாக வாயடிக்கிற ஒரே ஆள் நான்.

"அவன் கேட்டதுல தப்பில்ல மார்வின். முதல் வேலையா நானே போய்ப் பார்த்துட்டேன். பொம்பளைங்க பக்கம் ரெண்டாவது கழிவறை அடைச்சிருக்கு. கிண்ணம் அங்க இல்ல."

"அடைச்சிருக்கா? இன்னிக்கா? கடவுளே!"

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டிராம்போனின் வாயை ஒரு ரப்பர் கிண்ணத்தால் மூடி மூடித் திறந்தால் அந்தப் பித்தளை பேசும். முனகும், கொஞ்சும், சம்பந்தி வீட்டுச் சண்டை போடும். எங்கள் ஊரான டில்லர்ஸ் பெண்டில் முதல் ஜாஸ் விழா நடந்த அன்று ஜூனியஸ் லவ்ஜாய், இதே தியேட்டர் கழிவறையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து, கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மேடையில் ஏறி வாசித்தார். அப்புறம் அதன் நடுவில் ஒரு ஐந்து சென்ட் நாணயத்தைப் பதித்தார். சாகும்போது ஒரே ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போனார்: கிண்ணம் யார் கையிலோ, வாத்தியக் கோஷ்டி அவர் சொல்படி.

தலைவர் மாறுகிற வருடம், விழாவின் முதல் பாட்டுக்கு முன்னால், சனங்கள் பார்க்க, பழைய தலைவர் கிண்ணத்தைப் புதியவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். வாங்கியவர் சொல்வதுதான் சட்டம்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்ட்டி பூன் அதை ஜூனியஸின் பேத்தி ரமோனாவிடம் கொடுக்க வேண்டும். காலையில் அதை வைக்கிற தொப்பிப் பெட்டியைத் திறந்தால் கிண்ணம் இல்லை. கிண்ணம் இல்லாவிட்டால் ரமோனா தலைவியும் இல்லை. அடுத்த ஜூலை வரை ஆர்ட்டிதான்.

இதில் இன்னொரு கூத்து. விழா நாளில் எங்கள் ஊரில் எல்லோர் கையிலும் ஒரு கழிவறை ரப்பர் இருக்கும். பாட்டு பிடித்துவிட்டால் அதைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார்கள். பாதிரியார்கூட ஆட்டுவார். வைக்கோல் போரில் ஊசி தேடலாம். ஊசிப் போரில் எப்படித் தேடுவது?

"பெட்டியைப் பார்த்தியாடா?" என்றார் பாஸ்.

"காலி."

"காலிங்கிறது மார்வினுக்கே தெரியும். உள்ள இருந்த டிஷ்யூ காகிதம்?"

எட்டிப் பார்த்தேன். சலவைக்காரர் கொடுத்த சட்டை மாதிரி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"திருடிட்டுக் காகிதத்தை மடிச்சு வச்சிருக்கான். நல்ல வளர்ப்பு பாஸ்."

"வளர்ப்பு இல்லடா. பாசம்." சாண்ட்விச்சின் மிச்சத்தை இருக்கைக் கைப்பிடியில் வைத்துவிட்டு எழுந்தார். "வா, ரமோனாவைப் பார்ப்போம்."

*

ரமோனா லவ்ஜாய் ஒப்பனை அறையில் டிராம்போனின் இழுகுழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட வேகத்தைப் பார்த்தால் யாருடைய கழுத்தையோ நினைத்துக்கொண்டு போடுகிறாள் என்று தெரிந்தது.

"சிகாகோவில இருந்த வேலையை விட்டுட்டு வந்திருக்கேன் மிஸ் வெர்லீன். இந்த ஒரு நாளுக்காக."

"கடையில வாங்கின ரப்பர்ல வாசிச்சா என்ன?" என்றேன்.

"வாசிப்பேன். என் ஷூவைக் கழட்டி மூடிக்கூட வாசிப்பேன். ஆனா அந்தக் கிண்ணம் இல்லாம நான் 'ஒண்ணு, ரெண்டு'ன்னு எண்ணினா இவனுங்கள்ல ஒருத்தனாவது ஊதுவானா? 'கண்ணு, அங்கிள் ஆர்ட்டி எண்ணட்டும்'பானுங்க. எங்க தாத்தா செத்தும் சட்டம் பேசுறாரு." எண்ணெய்ப் புட்டியை டொக்கென்று வைத்தாள். "போதாக்குறைக்கு சுருதியை வேற மாத்திட்டாங்க."

பாஸின் தலை திரும்பியது. "யாரு மாத்தினா?"

"மிஸ் ஹில்டா. ஆர்கன்ல ஏதோ கோளாறாம். முதல் பாட்டை என்னிக்கும் ஆறரைக் கட்டையிலதான் வாசிப்போம். இன்னிக்கு மூணு கட்டையாம்!"

அதுதான் வெளியே தாழ்வாரத்தில் அவ்வளவு கெட்ட வார்த்தை. பித்தளை வாத்தியக்காரனுக்கு ஆறரைக் கட்டை என்பது சொந்த வீட்டுச் சமையலறை. விளக்கில்லாமலே நடப்பான். மூன்று கட்டை, பக்கத்து வீட்டுக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு மலை ஏறுவது. கார்னெட் வாசிப்பவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கத்தினாங்களா?" என்றார் பாஸ்.

"எல்லாரும். அங்கிள் ஆர்ட்டி மட்டும் 'ஹில்டா சொன்னா சரி'ன்னுட்டுப் போயிட்டாரு."

*

"ஆர்ட்டிதான் பாஸ்," என்றேன் படிக்கட்டில். "முப்பது வருஷம் ராஜா. நாற்காலியை விட மனசு வருமா? கிண்ணத்தை ஒளிச்சா இன்னும் ஒரு வருஷம். கேஸ் முடிஞ்சுது. சாண்ட்விச்சைச் சாப்பிடலாம்."

"அப்ப அரிசோனா?"

நிஜம். அடுத்த வாரம் ஆர்ட்டி அரிசோனாவில் மகன் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஊரே வழியனுப்பு விருந்து வைத்து, உருளைக்கிழங்கு சாலட் தின்று தீர்த்தாயிற்று.

ஆர்ட்டி பூன் பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்தில் தன் டிராம்போன் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். இது போதாதா எனக்கு?

"எந்திரிங்க மிஸ்டர் பூன். பெட்டியைத் திறக்கணும்."

"திற தம்பி. கடிக்காது."

திறந்தேன். டிராம்போனுக்குப் பக்கத்தில் சிவப்பாக, வட்டமாக, ரப்பர்!

"பாஸ்! சிக்கினாரு!" என்று தூக்கிக் காட்டினேன். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

பாஸ் அதைத் திருப்பிக் காட்டினார். நடுவில் நாணயம் இல்லை. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"அது என் பேரனுக்கு," என்றார் ஆர்ட்டி. "அரிசோனாவுல நல்ல ரப்பர் கிடைக்குமோ கிடைக்காதோ."

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு ரப்பரைத் தூக்கி எனக்கு ஆட்டினார்கள். மரியாதைக்கு நானும் கையிலிருந்ததை ஆட்டினேன்.

பாஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆர்ட்டி, மூணு கட்டையில வாசிக்கிறது உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்னு எந்த டிராம்போன்காரனாவது சொன்னா, அவனுக்குப் பொண்ணு கொடுக்காதே வெர்லீன்."

"அப்ப ஏன் சண்டை போடல?"

ஆர்ட்டி மெஷினிலிருந்து ஒரு பாப்கார்னை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "வயசாச்சும்மா."

பாஸ் தலையாட்டிவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"என்ன பாஸ், வயசாச்சுன்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

"நேத்து பந்து வீசுற போட்டியில என்னை ஜெயிச்சவருடா அவரு. வயசு அவருக்கு ஞாயித்துக்கிழமை கோட்டு மாதிரி. வேணும்போது மாட்டிக்குவாரு."

*

ஆர்கன் மேடையின் இடது ஓரத்தில் இருந்தது. ஊமைப்படக் காலத்துச் சாமான். வாசிக்கிற பெட்டி கீழே. சத்தம் வருகிற குழாய்கள் எல்லாம் மேலே, சுவரில் இருக்கிற பூவேலைத் தட்டிக்குப் பின்னால் ஒரு பரண் அறையில். அங்கே போக ஒரே வழி, மேடை ஓரத்து இரும்பு ஏணி. ஏறினால் மொத்த ஹாலுக்கும் தெரியும். அறைச் சாவி மார்வின் ஆபீசில் ஆணியில் தொங்கும்.

ஹில்டா க்ராமர் ஆர்கன் பலகையில் அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காப்பி பிளாஸ்க்.

"என்ன கோளாறு ஹில்டா?"

"ஒரு குழாய்க்குத் தொண்டை கட்டியிருக்கு."

"எந்தக் குழாய்?"

"சொன்னா உனக்குப் புரியுமா வெர்லீன்?"

"புரியாது. அதுக்குத்தான் இவனைக் கூட்டிட்டு வந்திருக்கேன். இவனுக்கும் புரியாது." பாஸ் என் தோளில் தட்டினார். "டேய், உட்காரு. இடது பக்கத்துல இருந்து ஒவ்வொரு கட்டையா அமுக்கு. ஒண்ணையும் விடாதே."

"இவனா? என் ஆர்கன்லயா? அவன் விரலைப் பாரு, பூரா கடுகு சாஸ்!"

"துடைச்சுக்குவான். நகரு ஹில்டா."

ஹில்டா நகர்ந்தார். ஆனால் கொஞ்சம்தான். நான் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு விரல் கச்சேரியை ஆரம்பித்தேன். பூம். பூம். அடுத்தது. அடுத்தது. வாசலில் சனங்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ "நல்லா வாசிக்கிறான், ஆனா பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கத்தினார்கள். மாடிப்படி ஏறுகிற மாதிரி சத்தம் ஒவ்வொன்றாக மேலே ஏறியது. ஏறியது. ஏறியது. அடுத்த கட்டையை அமுக்கினேன்.

க்ர்ர்ரோம்ம்.

ஏறிக்கொண்டிருந்தவன் கிணற்றில் விழுந்த மாதிரி. மழைக்காலத் தவளை. ஹால் முழுக்கச் சிரித்தது. கையை எடுத்தேன். மறுபடி அமுக்கினேன். க்ர்ர்ரோம்ம்.

"இது எந்தச் சுரம்?" என்றார் பாஸ்.

மேடை ஓரத்திலிருந்து ரமோனா மெதுவாகச் சொன்னாள். "நம்ம பாட்டோட ஆதார சுருதி. ஆறரைக் கட்டை."

"மூணு கட்டையில வாசிச்சா இந்தக் குழாயைத் தொடவே வேண்டாம், இல்லையா?"

"தொடவே வேண்டாம்."

"ஏன் இது மட்டும் பாதாளத்துக்குப் போகுது?"

"திறந்த குழாயோட தலையை மூடிட்டா சத்தம் ஒரு ஸ்தாயி கீழ..." ரமோனா பாதியில் நிறுத்தினாள். அவள் கண் மேலே தட்டிக்குப் போனது.

"போன வருஷம் மாதிரி மறுபடி குழாய்க்குள்ள வௌவாலா?" என்றார் மார்வின் அழாக்குறையாக.

"இந்த வௌவாலுக்கு நடுவுல நாணயம் இருக்கும்," என்றார் பாஸ். "சாவியைக் கொடுங்க. டேய், ஏறு."

ஏறினேன். மேலே கூரைத் தகரத்துக்குக் கீழே ஜூலை மாதம் மொத்தமும் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. உயரத்தில் என் தோள் அளவு, கனத்தில் என் தொடை அளவு குழாய்கள் வரிசையாக. அவற்றில் ஒன்று மட்டும் தலையில் கறுத்த சிவப்பு ரப்பர் தொப்பி போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றது. தொப்பியின் உச்சியில் ஐந்து சென்ட் மின்னியது.

"கிடைச்சிருச்சு!" என்று தட்டி வழியாகக் கத்தினேன். கீழே நூறு ரப்பர்கள் ஆடின.

*

கிண்ணத்தோடு நான் இறங்கி வரும்போது பாஸ் ஹாலைப் பார்த்துப் பேசவில்லை. ஆர்கன் பக்கம் பார்த்துத்தான் பேசினார்.

"திருடனுக்கு மூளை இருந்தா என்ன பண்ணியிருப்பான்? வெளிய ஊரே ரப்பரோட திரியுது. ஒரு கைப்பிடிக் கட்டையைச் சொருகிக் கையில பிடிச்சுட்டு நடந்திருப்பான். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா இந்த ஆளுக்கு அப்படிப் பண்ண மனசு வரல. பரண்ல கொண்டுபோய் வச்சாலும் தரையில போடல. சூட்டுல ரப்பர் கோணிக்கும். உருண்டையா ஏதாவது மேல மாட்டினா உருவம் கெடாது. அதான் தொப்பி மாதிரி மாட்டியிருக்கு. காகிதத்தையும் மடிச்சு வச்ச கை."

"அப்புறம் சாவியை ஆணியில மாட்டிட்டு, கீழ வந்து உட்கார்ந்து வாசிச்சா..." என்று ஆரம்பித்தேன்.

"தவளை," என்றார் ஹில்டா. பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "அதுக்குள்ள மார்வின் வந்து ஐயோ அம்மான்னு கத்திட்டான். ஹால் பூரா ஆளு. மறுபடி எப்படி ஏறுவேன்? அதான் மூணு கட்டைன்னு சொன்னேன். நான்தான் வெர்லீன். போதுமா?"

"மிஸ் ஹில்டா!" ரமோனா ஆர்கன் பக்கம் வந்துவிட்டாள். "எனக்குப் பியானோவில முதல் விரல் வச்சுக் கொடுத்தது நீங்க. நான் தலைவியா வர்றது உங்களுக்குப் பிடிக்கலயா?"

"உன் பேர்ல எனக்கு என்னடி கோபம்? நீ ஏறினா அவன் இறங்கணும். இறங்கினா அரிசோனா." ஹில்டா யாரையும் பார்க்காமல் சொன்னார். "முப்பது வருஷமா என் இடது காதுக்குப் பக்கத்துல ஊதிக்கிட்டிருந்தவன். அந்தப் பக்கம் காலியா இருந்தா நான் எதைக் கேட்டு வாசிப்பேன்?"

ஹாலில் ஒரு ரப்பர்கூட ஆடவில்லை.

நான் பாஸின் காதில் சொன்னேன். "ஆர்ட்டி பாவம் பாஸ். நான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்."

"வீணா இல்லடா," என்றார் பாஸ். திரும்பினார். "ஆர்ட்டி, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

வாசலோரம் நின்ற ஆர்ட்டி தொப்பியைக் கழற்றினார். "மூணு கட்டைன்னு அவ சொன்ன உடனே. ஹில்டா மூணு கட்டையில வாசிக்கிறதுக்குப் பதிலா பல்லைப் பிடுங்கிக்குவா. அந்தக் குழாயைத் தொடாம இருக்கத்தான்னு புரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"சொன்னா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களே தம்பி."

"ஆர்ட்டி பூன்!" ஹில்டா எழுந்து நின்றுவிட்டார். "போக இஷ்டமில்லைன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"இருன்னு ஒருத்தரும் சொல்லலயே. ஊரே சேர்ந்து சாலட் போட்டு வழியனுப்புது. நான் என்ன பண்ண?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" ரமோனா நடுவில் வந்து நின்றாள். கண் ஈரம், ஆனால் குரல் பித்தளை. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருக்க, என் நாளைக் காவு கொடுக்கப் பார்த்தீங்க. அங்கிள் ஆர்ட்டி, அந்தக் கிண்ணத்தை எடுத்துட்டு மேடைக்கு வாங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

*

இரண்டு மணிக்குத் திரை விலகியது. ஒரு இருக்கைகூடக் காலியில்லை. ஆர்ட்டி நடு மேடைக்கு வந்தார். கிண்ணத்தைச் சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தார். ரமோனாவின் கையில் வைத்தார். ஹால் இரைந்தது. ரப்பர் காடு அசைந்தாடியது. ஆர்ட்டி படியைப் பார்த்துத் திரும்பினார். கொடுத்தவர் இறங்க வேண்டும்.

ரமோனா கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். சத்தம் அடங்கியது.

"இது யார் கையில?"

"உன் கையில!" என்றது ஹால்.

"அப்ப சட்டம் யாரோடது?"

"உன்னோடது!"

"முதல் சட்டம். கொடுத்தவர் இறங்கணும்ங்கிறது இன்னியோட ரத்து. இந்தக் கோஷ்டிக்கு ரெண்டாவது டிராம்போன் வேணும். அங்கிள் ஆர்ட்டி, உங்க நாற்காலி ஆர்கன் பக்கத்துல, மிஸ் ஹில்டாவோட இடது காதுக்கு நேரா. அரிசோனாவுக்குக் கிறிஸ்துமஸ் லீவுல போய்ட்டு வரலாம்."

ஆர்ட்டி படியில் ஒரு கால், மேடையில் ஒரு கால். "என் பையன்கிட்ட யாரும்மா சொல்றது?"

"கிண்ணம் சொல்லிச்சுன்னு சொல்லுங்க."

ரமோனா ஆர்கன் பக்கம் திரும்பினாள். "ரெண்டாவது சட்டம். மிஸ் ஹில்டா, பொம்பளைங்க பக்கம் ஒரு கழிவறை அடைச்சிருக்காம். கச்சேரி முடிஞ்சதும் நீங்கதான் எடுக்கணும். கடையில வாங்கின ரப்பர்ல!"

மார்வின் ஸ்டோல்ஸ் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். ஹில்டா ஆர்கனிலிருந்தே கையை நெற்றியில் வைத்து சல்யூட் அடித்தார்.

"மூணாவது. ஆறரைக் கட்டை!"

கார்னெட்காரர் அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

ரமோனா எண்ணினாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் அவள் எண்ணிக்கைக்கு ஊதினார்கள். பாஸ் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கை இருக்கைக் கைப்பிடிக்குப் போனது. தடவியது. சாண்ட்விச் சுற்றியிருந்த காகிதம் மட்டும்தான் இருந்தது.

"டேய்," என்றார் என் பக்கம் குனிந்து. "ஹில்டா உன் விரல்ல கடுகு சாஸ்னு சொன்னாளே. நீ காலையிலேருந்து ஒண்ணும் வாங்கித் தின்னலயே?"

நல்லவேளை. சரியாக அப்போது ஹில்டாவின் இடது கை அந்தக் கட்டையில் இறங்கியது. தொப்பி கழற்றிய குழாய் பாதாளத்துக்குப் போகாமல், வழுக்காமல், இருக்க வேண்டிய இடத்தில் நின்று முழங்கியது. நாற்காலி தரையில் உராய்ந்தது. ஆர்ட்டி தன் இருக்கையை ஆர்கன் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ரப்பரைத் தூக்கி ஆட்டினார். நானும் ஆட்டினேன், அவர் ஆட்டுவதை விடக் கொஞ்சம் பலமாகவே.